கெண்டைக்குப் போட்ட குளுக்கோஸ் பிஸ்கட்

காலை பத்து இருபதுக்கு என் மகளிடமிருந்து போன் வந்தது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் அது டீ நேரம். லாக்கரில் பூட்டி வைத்த போனை அப்போது மட்டும் எடுக்க விடுவார்கள். தூண்டில் தக்கையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே போனைக் காதில் வைத்தேன்.

"அம்மா, என் பையில மீனுக்குப் போடற மாவு இருக்கு."

"என்னடி சொல்ற?"

"மாவும்மா. உன்னோட மாவு. ரெஸ்ட் ரூம்ல டப்பாவைத் தெறந்தா ஒரே பெருங்காய வாசனை. வெளிய ஒருத்தி, யாருடி உள்ள ரசம் வைக்கறதுன்னு கேக்கறா. என் பை உன்கிட்ட இருக்கா, பாரு."

நான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில், வேலிகாத்தான் நிழலில், நீலப் பை இருந்தது. ஜிப்பைத் திறந்தேன். உள்ளே இன்சுலின் பேனா, ஊசி முனைகள், சர்க்கரை பார்க்கும் மீட்டர், இன்னும் சில்லென்றிருந்த ஐஸ் பொட்டலம். மாவு டப்பா இல்லை.

என் மகளுக்குச் சின்ன வயதிலேயே சுகர் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருவதைப் போல மாத்திரையில் அடங்குகிற சுகர் இல்லை அது. சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். பத்தாவது படிக்கும்வரை நான் போட்டுவிட்டேன். அதன் பிறகு அவளேதான் போட்டுக்கொள்கிறாள். இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம். "பொம்பளப் புள்ள, வெளிய சொல்லிக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லாதவர்கள் கிடையாது. அதனால் மருந்தை மருந்து மாதிரித் தெரியாத ஒன்றில்தான் எப்போதும் வைப்போம். முன்பு பென்சில் பெட்டி, பிறகு மேக்கப் பை. வேலைக்குச் சேர்ந்ததும் நொறுக்குத் தீனி கொண்டுபோகிற மாதிரி ஒரு நீலப் பை வாங்கினோம். சூடு ஏறாத பை. ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்றார்கள். இலவசமாக வந்த பையில் என் மீன் மாவை வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில், ஒரே தட்டில். விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் ஒன்றை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டரைக் கிளப்பிய நான் மற்றதை எடுத்தேன்.

"நான் இதோ கிளம்பறேன்" என்றேன்.

"எங்க?"

"உன் கேட்டுக்குத்தான்."

"வேணாம். சொன்னாக் கேளு. கேட்டுல பையைத் தெறந்து மேசை மேல கொட்டுவாங்க. பேனா, ஊசி எல்லாம் பாத்துட்டு செக்யூரிட்டி உடனே எச்.ஆருக்குப் போன் போடுவாரு. இன்னும் ட்ரெய்னிங்கே முடியலம்மா. எங்களை நிரந்தரம் பண்றாங்களா இல்லையான்னு அடுத்த மாசம்தான் சொல்லுவாங்க."

"அதுக்காக?"

"பன்னண்டரைக்கு லஞ்ச். யார்கிட்டயாவது ஸ்கூட்டி வாங்கிக்கினு நானே வரேன். பத்து நிமிஷம்தான். நீ எப்பவும் உக்கார்ற எடத்துலதானே இருக்க? அங்கயே இரு. அசையாத."

"டீக்கு ஏதாவது தின்னியா?"

"சரி, வைக்கட்டுமா?"

"தின்னியா?"

"ஒரு போண்டா. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் தின்னுருக்கணும். திட்டாதம்மா, டைம் ஆச்சு, போனை வைக்கணும்."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் போன் லாக்கருக்குள் போய்விடும். நான் எத்தனை தடவை அழைத்தாலும் இரும்புப் பெட்டிக்குள் தனியாக அடித்துக்கொண்டிருக்கும்.

நான் ஏன் அந்த ஏரியில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வேப்பம்பட்டில். மீன் பிடிக்க வேண்டுமானால் திருநின்றவூர் ஏரி கூப்பிடு தூரம். அதை விட்டுவிட்டு, பெரியபாளையம் வழியாக ஒன்றரை மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கு வருவேன். இந்தக் கரையில் உட்கார்ந்தால் அவள் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். வண்டிகளுக்கான ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னி அனுப்புகிற கம்பெனி. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அவள் வயதுப் பெண்கள். அவள் சேர்ந்த பிறகு எனக்கு லீவு வந்த எந்தச் சனிக்கிழமையும் நான் வேறு ஏரிக்குப் போகவில்லை.

"அங்க இருக்கற கெண்டைக்கும் இங்க இருக்கற கெண்டைக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்பாள்.

"இங்க கொழுப்பு அதிகம்" என்பேன்.

"ஆமாமா" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

தூண்டில் என் கணவருடையது. ஆன்லைனில் ஆசையாக ராடும் ரீலும் வாங்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொசுக்கடிபட்டார். பிறகு பரணில் போட்டுவிட்டார். நான் அதை எடுத்தது மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வருஷம். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது ஓடிக் களைத்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். குனிந்து கூப்பிட்டேன். வாயிலிருந்து அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழத்தின் வாசனை வந்தது. உடம்பில் இன்சுலின் இல்லாதபோது அப்படித்தான் வருமாம். ஐ.சி.யு. வாசலில் ஒரு டாக்டர் எனக்கு அதை விளக்கிச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் பிழைத்து வந்தாள். எனக்குத்தான் தூக்கம் போனது. அவள் மூச்சைக் கேட்டபடி கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன். அவள் விழித்து, "போய்ப் படும்மா, பேய் மாதிரி பாக்காத" என்பாள். அந்த நாட்களில்தான் பரணிலிருந்து ராடை இறக்கினேன். தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். தக்கை எரிச்சல்படாது.

சரி, அன்றைய காலைக்கு வருகிறேன். அதுவரை எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தை மாதம் முடியப் போகிற சமயம். ஏரியில் மழைக்குத் தேங்கிய தண்ணீர் இன்னும் பாதிக் கரைக்குமேல் நின்றது. வந்ததும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து, கோரைப்புல் ஓரமாக ஒரே இடத்தில் ஐந்தாறு உருண்டை எறிந்தேன். கெண்டை தேடி வரட்டும் என்று அப்படிச் செய்வோம். வெயில் ஏறும்வரை மண்புழு போட்டு ஜிலேபி மீன் பிடித்தேன். கைவிரல் நீளத்துக்கு நாலைந்து கிடைத்தன. ஒரு ரோகுக் குட்டியும் வந்தது. அதைத் திரும்ப விட்டுவிட்டேன். தண்ணீர் சூடான பிறகுதான் பெரிய கெண்டை ஓரத்துக்கு வரும். அதற்குத்தான் மாவு. புழு தீர்ந்திருந்தது. பையைத் திறக்க நினைத்த நேரத்தில்தான் போன் வந்தது.

போன் வைத்ததும் நான் செய்த முதல் காரியம் மாவைப் பற்றியது அல்ல. கழுத்தில் கிடந்த துண்டை ஏரித் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, நீலப் பையைச் சுற்றிக் கட்டினேன். வெயில் நகர்ந்தாலும் நிழல் மாறாத இடமாகப் பார்த்து, வேலிகாத்தான் அடிமரத்தோடு ஒட்டி வைத்தேன். பிடித்த மீன் கெடாமல் இருக்க ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிற வழக்கம்தான். இன்சுலினும் சூட்டில் கெட்டுப் போகும். ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னா டீச்சர், பைக்குள்ள கோழிக்குஞ்சு வெச்சிக்கிறியா? அடிக்கடி தடவிக்கினு வர?"

எனக்கு நாலு கஜம் தள்ளி உட்கார்ந்திருந்தவர் கேட்டார். ரோலிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பார். நான் டீச்சர் இல்லை, ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்கு நான் டீச்சர்தான்.

"மாவை மறந்துட்டு வந்துட்டேன் அண்ணா" என்றேன். பாதி உண்மை.

"அட, இதுக்கா பேஜாரு? என்னாண்ட எவ்ளோ கீது பாரு." தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வாழப்பழம் போட்டுப் பெசஞ்சிக்கிறேன். ரெண்டு நாளு ஊறினது. வாசனைய மோந்தாலே கெண்ட ரிக்ஷா புடிச்சி வந்துரும்."

மூடியைத் திறந்தார். வாசனை முகத்தில் அடித்தது. நான் சட்டென்று எழுந்து, பின்னால் நகர்ந்து, நாற்காலியைத் தட்டிவிட்டேன்.

"வேணாம் அண்ணா. வேணாம், மூடுங்க."

"இன்னா டீச்சர், பாம்பக் காட்டுனாப்புல பயப்படற? வாழப்பழம்தான்."

"எனக்கு ஆகாது."

"உனக்கு ஆகாட்டி இன்னா, துன்னப் போறது மீனுதானே?" என்று சொல்லிக்கொண்டே மூடிவிட்டார். அவர் மனம் நோகவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.  கிளம்பிவிடலாமா? ஸ்கூட்டர் சாவி இடுப்பில் இருந்தது. கேட்டுக்குப் பத்து நிமிஷம். மழைக்காலத்தில் ஒருநாள் குடை கொடுக்கிற சாக்கில் அந்தக் கேட்டில் போய் நின்றிருக்கிறேன். "எல்.கே.ஜி. பாப்பாவோட அம்மா வந்துக்கிறாங்க" என்று ஒருத்தி கத்தினாளாம். மூன்று நாள் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்தத் தடவை அது கேலியோடு முடியாது. பாலிடெக்னிக் முடித்து, இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, அலைந்து வாங்கிய வேலை. அவள் சொன்ன மாதிரியே அசையாமல் இருப்பது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டரைக்கு அவள் வருவாள். வராவிட்டால், பக்கத்து இரும்பு மில்லில் ஒரு மணிக்கு ஊதும் சங்கு வரை பொறுப்பேன். அந்தச் சங்கு ஊதினால், வேலை போனாலும் சரி, மகள் பேசாமல் போனாலும் சரி, கேட்டுக்குப் போவேன்.

முடிவு செய்த பிறகு கைக்கு வேலை வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கைப்பையைத் துழாவினேன். குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அது எப்போதும் இருக்கும். இன்சுலின் சற்று அதிகமாகிச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் உடனே தின்னக் கொடுக்க வேண்டும் என்பதற்காக, அவளுக்கு ஊசி போடத் தொடங்கிய நாளிலிருந்து என் கைப்பையில் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட் இல்லாமல் நான் வாசல்படி தாண்டியதில்லை. கல்யாணத்துக்கு எடுத்துப் போகிற பட்டுச் சுருக்குப் பையிலும் இரண்டு இருக்கும். பழசானால் மாற்றுவேன். மாற்றியதை நான் தின்பேன். அவள் இப்போது தன் பையிலேயே சாக்லேட் வைத்திருக்கிறாள். ஆனாலும் நான் விடவில்லை.

பாக்கெட்டைக் கிழித்தேன். பாதியைத் தனியே மடித்துக் கைப்பையில் திரும்ப வைத்தேன். மறு பாதியை உள்ளங்கையில் பொடித்து, மீதமிருந்த தவிட்டைக் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். முதலில் கூழாகப் போனது. இன்னும் தவிடு சேர்த்தேன். சப்பாத்தி மாவுக்குச் செய்வதுபோல அழுத்தி அழுத்திப் பிசைந்ததில் ஒருவழியாகப் பிடிக்கு வந்தது.

"பிஸ்கோத்தா?" என்றார் மில்காரர். "டீயும் வெச்சிக் குடு. நல்லா நாஷ்டா பண்ணிட்டுப் போவும்."

"வருதா இல்லையா, பாருங்க."

"வரும் வரும். ரேஷன் கார்டோட வரும்."

முள்ளில் சின்ன உருண்டையாக வைத்து, காலையில் தவிடு எறிந்த அதே இடத்தில் வீசினேன். முதல் தடவை தண்ணீரில் விழுந்த வேகத்திலேயே மாவு உதிர்ந்துவிட்டது. மறுபடி பிசைந்தேன். இரண்டாவது தடவை நின்றது. தக்கை லேசாக ஆடியது, நின்றது. ஜிலேபிகள் கொத்துகின்றன. இழுத்துப் பார்த்தால் வெறும் முள். மறுபடி உருண்டை. பக்கத்து வயல் மேட்டிலிருந்து நெல் அறுக்கிற மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. தொழிற்பேட்டைப் பக்கம் கொதிகலனில் ஆவி விட்டார்கள். ஒவ்வொரு தடவை வீசிய பிறகும் கரைமேல் போகிற மண்பாதையைப் பார்த்தேன். பாதையில் ஒரு பால்காரர் போனார். இரண்டு எருமைகள் போயின. உச்சி வெயில். துண்டை மறுபடி நனைத்துப் பையைச் சுற்றினேன்.

பன்னிரண்டரை ஆனது. பாதையில் ஒருவரும் இல்லை.

மில்காரர் தூண்டிலைச் சுருட்டினார். "ஊட்டுக்குப் போயி ரெண்டு வாய் துன்னுட்டு வந்துர்றேன். என் டப்பா இங்கதான் கீது. வாழப்பழம் வோணும்னா எடுத்துக்க" என்று சிரித்துவிட்டு, மொபெட்டை மிதித்துக்கொண்டு கிளம்பினார். கத்தி, சாக்கு, டப்பா எல்லாவற்றையும் அப்படியே விட்டுப் போனார். கரையில் நான் மட்டும் இருந்தேன்.

போனை எடுத்து அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. லாக்கரில்தான் இருக்கிறது. அப்படியானால் அவள் வெளியே வரவில்லை. ஸ்கூட்டி கிடைக்கவில்லையா? கேட்டில் விடவில்லையா? அல்லது போண்டாவுக்குப் பிறகு, பசி தாங்காமல் சோற்றையும் தின்றுவிட்டாளா? மயக்கம் வந்திருந்தால் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. மயங்கி விழுந்தவளுக்கு சோடா கொடுப்பார்கள். சர்க்கரை போட்ட சோடா.

நான் எழுந்து நின்றேன். ராடை எடுத்துச் சுருட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். அப்போது தக்கை காணாமல் போனது.

ஆடவில்லை, சாயவில்லை. இருந்த இடத்தில் இல்லை. அடுத்த கணம் ராடு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ரீல் கிர்ரென்று கத்தியது. ஓடுகிற தூண்டில் நரம்பைத் தெரியாமல் தொட்டுவிட்டேன். ஆள்காட்டி விரலில் கோடு விழுந்தது. ஜிலேபியும் ரோகுக் குட்டியும் பிடித்த கைக்கு அந்த எடை புதிது. ஏரியின் அடியிலிருந்து யாரோ வாளியைக் கட்டி இழுப்பதுபோல நிதானமாக, கோரைப்புல் பக்கமாகப் போனது. புல்லுக்குள் நுழைந்தால் நரம்பு சுற்றி அறுந்துவிடும். ராடை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். வளைந்த ராடின் நுனி தண்ணீரைத் தொட்டது. கொஞ்சம் விட்டேன், கொஞ்சம் சுருட்டினேன். நின்றது. திரும்பியது. ஒருமுறை மேலே புரண்டு முதுகு காட்டியது. கொல்லன் உலையில் அடித்ததுபோலப் பொன்னிறச் செதில், அகல முதுகு. மறுபடி அடிக்குப் போய்விட்டது.

சங்கு ஊதியது.

இரும்பு மில்லின் ஒரு மணிச் சங்கு. நீளமாக, ஏரி முழுக்கக் கேட்கும்படி ஊதி நின்றது. நான் எனக்கே சொல்லிக்கொண்ட நேரம் முடிந்தது. ராடைக் கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை. கீழே போட்டால் மீன் அதை இழுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விடும். போகட்டும் என்றும் தோன்றியது. கணவரின் ராடுதானே. ஆனால் முள்ளோடும் நரம்போடும் ராடையும் இழுத்துக்கொண்டு அந்த மீன் எங்கே போய்ச் சிக்கிச் சாகும்? அறுத்துவிடுவதுதான் சரி. இடது கையில் ராடைப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக நகர்ந்து, மில்காரர் விட்டுப்போன சாக்கின் மேலிருந்த கத்தியைக் காலால் இழுத்து, குனிந்து எடுத்தேன்.   கத்தியை நரம்பின் மேல் வைத்தேன்.

"அறுக்காதம்மா!"

கரைமேல் ஒரு ஸ்கூட்டி நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண்மணி. என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. புடவைக்கு மேல் சீருடைக் கோட்டு, அதன்மேல் சால்வை, தலையில் ஹெல்மெட். பின்னாலிருந்து குதித்து, சரிவில் பாதி ஓடியும் பாதி வழுக்கியும் இறங்கியவள் என் மகள். தொப்பி கூடக் கழற்றவில்லை. கையில் சாப்பாட்டு டப்பாவும் என் நீலப் பையும்.

"எங்க வெச்சிருக்க?"

"மரத்தடியில. ஈரத் துணி சுத்தி. நீ சாப்பிட்டியா? தலை சுத்துதா? கிட்ட வா, வாயைத் தெற."

"சாப்பிடல. சுத்தல. வாயெல்லாம் தெறக்க மாட்டேன். நீ மொதல்ல அதைப் புடி. விட்டுடாத. என் வேலைய நான் பாத்துக்கறேன்."

நான் மீனைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாட்டில் தண்ணீரில் கை கழுவித் துடைத்தாள். விரலில் குத்தி மீட்டரில் வைத்தாள். "இருநூத்தி எண்பது" என்று சத்தமாகச் சொன்னாள், எனக்காக. ஏறித்தான் இருந்தது. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. பேனாவில் அளவு திருப்பினாள். சட்டையை லேசாக விலக்கி, வயிற்றில், பட்டப்பகலில், பாதையைப் பார்த்தபடி போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டுக் குளியலறைக்கும் ரெஸ்ட் ரூம் கதவுகளுக்கும் வெளியே அவள் ஊசி போட்டுக்கொண்டதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். ஸ்கூட்டியில் வந்த பெண்மணியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"யாரு?" என்று உதடசைத்துக் கேட்டேன்.

"எங்க லைன் லீடர்க்கா" என்றாள் சத்தமாகவே. அவள் உட்கார்ந்து ஒயர் பின்னுகிற வரிசைக்கு மேற்பார்வை பார்ப்பவர்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் கேட்காமலே நாற்காலியோரம் கிடந்த என் கைவலையை எடுத்தார். "கிட்ட கொண்டாங்க. அவசரப்படாதீங்க. எனக்கு அரை மணி நேரம் பர்மிஷன் கீது, மீனுக்கு லேட் ஆனா பரவால்ல" என்றார்.

மீன் களைத்திருந்தது. மூன்று முறை கரைவரை வந்து திரும்பி ஓடியது. நாலாவது முறை பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அவர் வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி வைத்துக்கொண்டு நின்றார். நான் மீனை அதன் மேலே வழிநடத்தினேன். தூக்கியபோது அவர் கை தாழ்ந்தது. "ஐயோ, சின்னக் கொழந்த வெயிட்டு கீது." இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டோம். வாயோரம் சின்ன மீசை, ரூபாய்க் காசு அகலச் செதில்கள். வாயைத் திறந்து திறந்து மூடியது. உதட்டில் என் பிஸ்கட் மாவு ஒட்டியிருந்தது. நான் அதுவரை பிடித்ததிலேயே பெரியது அதுதான். அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். 

மகள் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "எதைப் போட்டுப் புடிச்ச? மாவுதான் என்கிட்ட இருந்துதே" என்றாள்.

"உன் பிஸ்கட்டை."

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். என் கைப்பையைப் பார்த்தாள். "முழுசுமா?"

"பாதி வெச்சிருக்கேன்."

"வெப்ப" என்றாள். சிரித்தாள். பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரும் ஸ்கூட்டி குடுக்கலம்மா. எதுக்கு, எதுக்குன்னு கேட்டாங்க. வயித்து வலின்னு சொன்னேன், ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல போய்ப் படுன்னாங்க. மணி ஆயிக்கினே போச்சு. நீ எப்படியும் கேட்டுக்கு வந்து நிப்பேன்னு தெரியும். அதான் நானே அக்காகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும். ஏரி, மாவு, நீ, எல்லாம்."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன்.  "மேடம், அவளுக்கு இதனால வேலைக்கு ஏதாவது..."

"நிரந்தரம் பண்றது என் கையில இல்லம்மா. பொய் சொல்லக் கூடாது பாருங்க" என்றார் அவர். புடவையை இறக்கிவிட்டு, கைகளைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். "ஆனா என் லைன்ல இவ கைதான் வேகம். அத நான் மேல சொல்லுவேன். இதையும் நானே சொல்லிக்கிறேன். நீங்க கேட்டாண்ட வந்து அழுதுக்கினு நிக்கத் தேவயில்ல." ஹெல்மெட்டை மாட்டினார். வண்டியைத் திருப்பி நிறுத்தி, மகள் ஏறும்வரை காத்திருந்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கேன்டீன் ஃப்ரிட்ஜில மேல் தட்டுல எங்க மேனேஜரு தயிர் டப்பா வெப்பாரு. அதுக்குப் பக்கத்துல உங்க பொண்ணு பைக்கு ஒரு எடம் புடிச்சித் தரேன். திங்கக்கெழம பேரு எழுதி ஒட்டி அனுப்புங்க. மாத்தி மாவை மட்டும் அனுப்பிடாதீங்கம்மா. அந்த ஆளு தயிர்ல கலந்து துன்னுடுவாரு."